தண்ணிப் பலகை – 9: வெட்டிய பெயர்

போன கிழமை றிஸ்மினாவை நாம் விட்டுவந்தது அலுமாரிக்கு முன்னால். பத்து நாளாகப் பெருநாள் சாரிகளுக்கு அடியில் கிடந்த பதிவுத் தபாலை இன்று காலையில் அவள் வெளியே எடுத்துவிட்டாள். தைரியம் வந்துதான் எடுத்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒளித்து வைக்கிற பயத்தைவிட ஒளித்தது தெரியவருகிற பயம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஸப்வான் பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். கவரை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன?"

"தபால்ல வந்த. நீங்க கற்பிட்டிக்கு வேலைக்குப் போன அண்டு."

"நான் கற்பிட்டிக்குப் போய் பத்து நாளாகுதே."

"ஓம்."

மூன்று பக்க ஆங்கிலக் கடிதத்தை அவன் இரண்டு தரம் வாசித்தான். ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேசாமல் இருக்கும் ஸப்வானை அவளுக்குப் பழக்கமில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். எட்டுப் பத்து.

"பதினாலு நாள் தவணை குடுத்திருக்கானுகள். இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு முடியுது."

றிஸ்மினா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

இந்தக் கதைக்கு இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தல் பக்கத்து இறால் பண்ணைகள் எல்லாம் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் எடுக்கின்றன, அதே வாய்க்காலில்தான் விடுகின்றன. ஒருவனின் குளத்தில் வெள்ளைப் புள்ளி நோய் வந்து அந்தத் தண்ணீர் வெளியே போனால், கீழே பம்பு போட்டிருப்பவனின் இறாலும் நாலு நாளில் செத்து மிதக்கும். இதற்காகச் செய்யப்பட்ட கணினி நிரல்தான் தண்ணிப் பலகை. நோய் கண்டவன் தன் குளத்தைப் பலகையில் சிவப்பாக்க வேண்டும். அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தப் பண்ணையைத் தாண்டும் என்று பலகை கணக்குப் போட்டு, வரைபடத்தில் வாய்க்காலையும் சிவப்பாக்கிக் காட்டும். பார்த்தவன் பம்பை நிறுத்திவிடுவான். காசு கிடையாது, பூட்டும் கிடையாது. முந்தல் சந்தியில் கம்ப்யூட்டர் திருத்தும் ஸப்வான் அதை ஊருக்குச் சும்மா கொடுத்திருந்தான்.

வாய்க்காலின் தலைப்பக்கத்தில் பெரிய பண்ணை வைத்திருக்கும் கம்பனி அதையே கொஞ்சம் மினுக்கி, பூட்டுப் போட்டு, மாதக் கட்டணத்துக்கு விற்கிறது. கம்பனியின் பலகையில் கம்பனியின் குளங்கள் ஒருநாளும் சிவப்பாவதில்லை. இப்போது அந்தக் கம்பனிதான் கடிதம் போட்டிருக்கிறது. நிரலை எழுதியது தங்கள் ஊழியர் ஒருவராம், அவர் சத்தியக் கடதாசியும் கொடுத்திருக்கிறாராம், ஸப்வான் அதைத் திருடிப் பரப்பினானாம். நாலு மணிக்குள் பலகையை நிறுத்திவிட்டு, இணைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தவறினால் பொலிஸ் முறைப்பாடு, வழக்கு, கடையிலுள்ள கம்ப்யூட்டர்கள் பறிமுதல்.

அந்தக் கம்பனியில்தான் றிஸ்மினாவின் தம்பி தாஹிர் வேலை செய்கிறான். அவள் கடிதத்தை ஒளித்த காரணம் அதுதான். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கணவனிடம் கொடுப்போம் என்று நினைத்தாள். பத்து நாளாக அவன் போனை எடுக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தா என்ன?" என்று கேட்டாள். "புள்ள ஷம்லாவையும் வச்சிக்கிட்டு நமக்குக் கோடு கச்சேரி எண்டு வழக்குக்கு அலைய ஏலாது."

"போட்டா நான் கள்ளன் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அதயும் பொறுக்கலாம். பலகை அவனுகள்ட கைக்குப் போயிரும் றிஸ்மி. பிறகு அவனுகள்ட குளத்தில நோய் வந்தா கீழ இரிக்கிறவனுக்கு யாரு சொல்ற?"

"அப்ப, செஞ்சது நான்தான் எண்டு சொல்லுங்க."

"எதக் காட்டிச் சொல்ற?"

அவன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு.

"முந்தல்ல எத்தின கம்ப்யூட்டர் கட இரிக்கு? எல்லாத்திலயும் களவு விண்டோஸ்தான் போடுறானுகள். நான் ஒருத்தன்தான் போட மாட்டேன் எண்டு நிக்கிறேன். வேணுமெண்டா காசு குடுத்து வாங்குங்க, இல்லாட்டிச் சும்மா கிடைக்கிற லினக்ஸ் போட்டுத் தாறேன் எண்டு சொல்றேன். கடைசியில களவுக் கடிதம் யாருக்கு வந்திரிக்கு பாத்தியா?"

பூட்டிய சாமானை உடைக்க மாட்டேன், செய்த சாமானைப் பூட்டவும் மாட்டேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து றிஸ்மினா கேட்டுவரும் பேச்சு இது. வாடிக்கையாளர் பாதிப் பேர் இதனால் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். திறந்த மூல மென்பொருள் என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கவைக்க, ஒருநாள் அடுப்படிக்கே வந்து நின்று பாடம் நடத்தினான். நீ வட்டிலப்பம் செய்கிற விதத்தை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் உன் சட்டியில் இருக்கிற வட்டிலப்பம் குறையுமா என்று கேட்டான். குறையாதுதான். ஆனால் தின்று முடித்தவன் அவன்தான்.

"அதில ஒரே ஒரு சட்டம்தானே எண்டு சொன்னீங்களே. எடு, மாத்து, மத்தவனுக்குக் குடு. எழுதினவன்ட பேர மட்டும் வெட்டாத எண்டு."

"ஓம்."

"அப்ப ஒங்கட பேர் இரிக்கணுமே."

ஸப்வான் மடித்து வைத்த கடிதத்தைத் தட்டுக்கு அப்பால் தள்ளினான்.

"வெட்டிட்டேன்."

"யாரு?"

"நான்தான். உம்மாட நாப்பதாம் நாள் கத்தம் ஓதின அண்டு."

பலகையை எழுதி முடித்த 2014இல்தான் ஸப்வானின் உம்மா ஜெய்னம்பு மவுத்தானார். மன்னாரிலிருந்து ஓடிவந்து அவர்கள் முதலில் இருந்தது ஆலங்குடா முகாமில். அங்கே ஒரு குழாய்க் கிணறு இருந்தது. அடித்துக் கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது, ஒரு பெயர்க் கல்கூடக் கிடையாது. பெயர் தெரியாத அந்த மனிதருக்காக ஒவ்வொரு குடத்துக்கும் துஆச் செய்தவர் ஜெய்னம்பு. அந்த உம்மாவின் நன்மைக்காகப் பலகையை ஸதகாவாக, தர்மமாகக் கொடுக்க ஸப்வான் மனதில் நிய்யத் வைத்தான். கொடுத்தவன் பெயர் தெரிந்தால் நன்மை குறைந்துவிடுமே என்று, இருந்த பெயரை எல்லா இடத்திலும் அழித்தான். உலகத்தில் வேறெந்தக் கம்ப்யூட்டர்காரனும் இப்படி ஒரு காரியம் செய்திருப்பானா தெரியாது. நம்முடைய ஆள் செய்தான்.

"ஒங்கட பேரத்தான் நீங்க அழிச்சீங்க. பழைய கொப்பி எங்கயாவது இரிக்குமே."

"கடைக் கம்ப்யூட்டர் போன வருஷத்து வெள்ளத்தில போச்சு. நெட்ல போட்டது அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான். பலகை தங்கட எண்டு கம்பனி 2015ஆம் ஆண்டுக் கடதாசி ஒண்டு வச்சிரிக்கு. அதுக்கு முந்தினது என்னட்ட ஒண்டுமில்ல. பண்ணை பண்ணையா மோட்டசைக்கிள்ல போய் எல்லாருக்கும் புதுசு போட்டுக் குடுத்தேன். பழசு ஒரு இடத்திலயும்..."

நிறுத்தினான். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் நினைவுக்கு வந்தார்.

"தியாகராசா ஐயா" என்றாள் றிஸ்மினா.

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து வந்து, முந்தலுக்குத் தெற்கே இரண்டு குளம் வைத்திருக்கும் மனிதர். ஸப்வான் மூன்று தரம் போய்க் கேட்டும் தன் கம்ப்யூட்டரில் கைவைக்க விடாதவர்.

ஸப்வான் சேட்டை மாட்டினான். சிலாபத்தில் தெரிந்த லோயர் ஒருவர் இருந்தார். நாலு மணிக்குள் கம்பனிக்குப் பதில் போக வேண்டும் என்றால் அவன் அங்கே இருந்தாக வேண்டும். ஆகவே தியாகராசா வீட்டுக்கு றிஸ்மினா. கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருடம் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள்தான், கம்ப்யூட்டர் அவளுக்குப் புதிதில்லை.

"முழு போல்டரையும் அப்படியே பென் டிரைவுக்கு கொப்பி பண்ணு. வாசிக்கணுமெண்டா வாசி, ஆனா சேவ் பண்ணாத, திகதி மாறிரும். ஸ்கிரீன போன்ல படம் எடு. வேற ஒண்டும் தொடாத."

"ஓம்."

வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "கடிதத்த நேரத்தோட தந்திரிக்கலாம் நீ" என்றான். அந்த ஒரு வசனத்தை அவள் நாள் முழுதும் சுமந்தாள்.

*

ஷம்லாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, த்ரீவீலரில் அவள் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. தியாகராசா படலையைத் திறந்தார்.

"வாங்கோ பிள்ளை. ஸப்வான் தம்பி போனில சொன்னவர். ஆனால் கரண்ட் இல்லை. றோட்டில லைன் வேலையாம். ரெண்டு மணி ஆகும் எண்டு சொல்லுறாங்கள்."

"ஜெனரேற்றர் ஓடுற சத்தம் கேக்குதே ஐயா."

"அது குளத்துக்கு. சில்லு தண்ணியைக் கடையாட்டி இறால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதில வேற லோட் போட ஏலாது பிள்ளை. குறை நினையாதையுங்கோ."

எதைக் குறை நினைப்பது? அவள் கூடத்தில் உட்கார்ந்தாள். எதிரே கம்ப்யூட்டர் மேசை. அவர் மனைவி இராசமணி பூத்தையல் போட்ட வெள்ளைத் துணி அதை மூடியிருந்தது. துணியை விலக்கியபோது திரையின் நெற்றியில் மூன்று கோடு திருநீறும் ஒரு சந்தனப் பொட்டும் இருந்தன. சரஸ்வதி பூசைக்கு வைத்ததாம், பிறகு துடைக்க மனம் வரவில்லையாம்.

"ஓடுற சாமானில கை வைக்கக் கூடாது பிள்ளை" என்றார் தியாகராசா. "தம்பி கோவிச்சவர். நான் விடேல்லை. இந்த நாலு வரியத்தில ஒருநாள் எண்டாலும் பிழையாக் காட்டினதோ? இல்லை."

அந்தப் பிடிவாதத்துக்காக அவரைக் கும்பிடலாம் போல் இருந்தது றிஸ்மினாவுக்கு.

பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. இராசமணி சாப்பிடக் கூப்பிட்டார். றிஸ்மினா பிறகு சாப்பிடுகிறேன் என்றாள். முகாமில் நிவாரணப் பட்டியல் ஒட்டும் நாட்களில் அவளுடைய உம்மா இப்படித்தான் சாப்பிடாமல் போய் நிற்பார். பெயர் இருந்தால் அரிசி, இல்லாவிட்டால் இல்லை. பெயர் இருக்கிறதா என்று தேடும் அந்தப் பதைப்பு தன்னோடு பிறந்ததோ என்று அவளுக்குத் தோன்றியது.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. தாஹிர்.

"ராத்தா."

"ஏன்டா பத்து நாளா போன் எடுக்கல்ல?"

"எடுத்து என்ன சொல்ற? மச்சான் கையெழுத்துப் போட்டாரா?"

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"போடச் சொல்லுங்க ராத்தா. போட்டா இதோட முடிஞ்சிரும். வழக்கு ஒண்டும் வராது. நான் பேசி வச்சிரிக்கேன்."

அவன் குரலும் நடுங்கியது. அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பயம் பிடித்தது. பயப்படுத்துகிற பக்கத்தில் நிற்பவன் ஏன் பயப்படுகிறான்?

"தாஹிர், ஊழியர் ஒருத்தர் எழுதினார் எண்டு கடிதத்தில இரிக்கு. அது யாரு?"

மறுபக்கத்தில் கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றான் கடைசியில். "சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுத்திட்டேன். தனியா நான்தான் எழுதின எண்டு."

"அல்லாஹ்வே. அது பொய்தானேடா."

"பொய்தான். முழுப் பொய்யில்ல."

"என்னடா சொல்ற? எனக்கு விளங்கல்ல."

"மச்சான்ட்ட கேளுங்க. அது என்ன சத்தம் ராத்தா? எங்க நிக்கிறீங்க?"

"தியாகராசா ஐயாட பண்ணையில."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே தம்பிக்கு ஒளிக்காமல் பேசிப் பழகிய வாய். மறுபக்கத்தில் அவன் மூச்சு விடுவது கேட்டது.

"அங்க எதுக்கு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. போன் வைக்கப்பட்டது.

கம்பனிக் கந்தோர் இருப்பது முந்தலுக்கு வடக்கே. வேனில் வந்தால் முக்கால் மணித்தியாலம் ஆகாது. றிஸ்மினா படலையைப் பார்ப்பதும் மேலே மின்விசிறியைப் பார்ப்பதுமாக இருந்தாள். வாயில் கலிமாவைத் தவிர ஒன்றும் வரவில்லை.

இரண்டு பத்துக்கு மின்விசிறி சுழன்றது.

*

வயது போன மெஷின். உயிர் வருவதற்கே ஏழு நிமிடம் எடுத்தது. பென் டிரைவைச் செருகி, போல்டரைப் பிடித்து, கொப்பி கொடுத்தாள். பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. அது ஊர்கிற நேரத்தில் உள்ளே இருந்த சின்னக் குறிப்பொன்றைத் திறந்தாள். வாசிக்கலாம் என்றுதானே சொன்னான்.

2014 மார்ச் என்று திகதி இருந்தது. கம்பனியின் கடதாசிக்கு ஒரு வருடம் முந்தியது.

எழுதியவர்கள்: மு. ஸப்வான், அ. தாஹிர்.

அவள் அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். பிறகு நிரலையே திறந்தாள். ஒவ்வொரு பகுதிக்கு மேலேயும் அதை எழுதியவன் பெயரைப் போட்டிருந்தார்கள். திரை அமைப்பு ஸப்வான். பண்ணைகளின் பட்டியல் ஸப்வான். வாய்க்கால் ஓட்டக் கணக்கு தாஹிர். கடல் வற்று, பெருக்கு நேரம் தாஹிர். எந்தத் தண்ணீர் எப்போது எங்கே போகும் என்று சொல்கிற அந்த இடம்தான் பலகையின் உயிர் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. அது முழுக்கத் தாஹிர்.

அப்போதுதான் அவளுக்கு அந்த மாரி நாட்கள் நினைவுக்கு வந்தன. உயர்தரச் சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்த தாஹிர் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வாய்க்கால் கரைக்குப் போவான். தேங்காய் மட்டைகளைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, கையில் மணிக்கூட்டோடு கரை வழியே அவற்றின் பின்னால் ஓடுவான். ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். மட்டை பொறுக்கப் போறியா என்று கேட்டு அவனுக்கு மரவள்ளிக் கிழங்கு கட்டிக்கொடுத்தாள். அவன் என்ன செய்கிறான் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நாலு இடத்தில் வேலைக்கு நேர்முகம். நாலும் சரிவரவில்லை. ஒரு தரம் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னான்: "நான் ஒண்டு செஞ்சிரிக்கேன் எண்டு காட்டினேன் ராத்தா. ஒன்ட பேர் எங்க இரிக்கு எண்டு கேக்கிறானுகள்." அவள் அப்போது மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். சரி சரி, கிடைக்கும் என்றாள்.

போன் அடித்தது. சிலாபத்திலிருந்து ஸப்வான்.

"என்ன, இரிக்கா?"

"இரிக்கு."

"திகதி?"

"2014 மார்ச்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவன் பக்கத்தில் யாருக்கோ சொல்வது கேட்டது. பிறகு குரல் இளகி வந்தது. "லோயர் சொல்றார், அது ஒண்டு காணுமாம். சத்தியக் கடதாசி குடுத்தவன் பொய்ச் சத்தியத்துக்கு உள்ளுக்குப் போகவும் கூடுமாம். யாரெண்டு தெரியல்ல. படத்த உடன அனுப்பு."

"தாஹிர்."

"என்ன தாஹிர்?"

"குடுத்தது தாஹிர்."

தியாகராசா கூடத்தை விட்டு மெல்ல வெளியே போனார். இராசமணியும் அடுப்படிக்குள் போய்விட்டார். நல்ல மனிதர்கள்.

"அவனா?" என்றான் ஸப்வான். "நான் கைபிடிச்சுப் பழக்கின பொடியன். கள்ளன். என்ட சாமான..."

"இதில ரெண்டு பேர் இரிக்கு."

"ம்?"

"உம்மாட கத்தத்தண்டு நீங்க ரெண்டு பேரயும் வெட்டியிரிக்கீங்க. அவன்ட்டக் கேட்டுத்தான் வெட்டினீங்களா?"

சிலாபத்தில் ஏதோ பஸ் ஹோர்ன் அடித்தது.

"ஸதகாவுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நம்மட சாமானக் குடுக்க யாரட்டயும் கேக்கத் தேவல்ல. அவன்ட பாதியயும் சேத்துக் குடுத்திரிக்கீங்க. அந்தப் பொடியன் பேர் இல்லாம நாலு இடத்தில வேல இல்லாம வந்தான். பேர் தாறேன் எண்டு சொன்ன இடத்துக்குப் போயிட்டான்."

"எனக்கு அது நினைவுக்கே வரல்ல றிஸ்மி" என்றான். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்தில் இவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி அவள் கேட்டதில்லை. "வல்லாஹி, ஒருநாளும் நினைவுக்கு வரல்ல. நம்மட வீட்டுப் பொடியன்தானே எண்டு..."

"அது எனக்குத் தெரியும். எனக்கும்தான் நினைவுக்கு வரல்ல."

"இப்ப என்ன செய்ய? மூணு மணியாகப் போகுது."

படத்தை அனுப்பினால் கணவன் தப்புவான், தம்பி மறியலுக்குள் அடைபடுவான். அனுப்பாவிட்டால் தம்பி தப்புவான், கணவன் கள்ளன் ஆவான். பலகை கம்பனிக்குப் போகும், பிறகு ஒருநாள் தியாகராசாவின் குளம் காரணம் தெரியாமல் செத்து மிதக்கும். பயம் என்றால் இதுவரை பொலிஸ் பயம் என்றுதான் நினைத்திருந்தாள். தன் கையாலேயே ஒருவரை அறுக்க வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய பயம் என்று இப்போது தெரிந்தது.

பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போய் நின்றது. கொப்பி முடிந்தது.

அதே நேரத்தில் வெளியே வேன் ஒன்று வந்து நின்றது.

*

"கம்பனியில இருந்து வாறம். உங்கட கம்ப்யூட்டருக்கு இலவச சேர்விஸ்." இது யாரோ ஒருவர் வேனுக்குள் இருந்தபடியே, கண்ணாடியைப் பாதி இறக்கிச் சொன்ன குரல்.

"எனக்கு ஒரு சேர்விஸும் வேண்டாம்" என்று படலையில் நின்று தியாகராசா சொன்னார். "ஒருத்தரும் உள்ளுக்கு வரக்கூடாது."

றிஸ்மினா யன்னலால் எட்டிப் பார்த்தாள். வேனிலிருந்து இறங்கி நின்றது தாஹிர். கம்பனியின் நீலச் சேட், தோளில் கறுப்புப் பை, கழுத்தில் பெயரும் படமும் போட்ட அட்டை. அந்த அட்டையை வாங்கிய நாளில் வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் காட்டியவன். மெலிந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

காதில் இன்னும் ஸப்வான் இருந்தான். "யாரு? யாரு வந்திரிக்கு?"

"தாஹிர்."

"விடாத. பென் டிரைவ எடுத்துக்கிட்டு பின் பக்கத்தால போ. றிஸ்மி, கேக்குதா?"

கேட்டது. பின்கதவும் திறந்துதான் இருந்தது. பென் டிரைவைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அடுப்படியைத் தாண்டினால் தென்னந்தோட்டம், அதைத் தாண்டினால் றோட்டு. இரண்டு எட்டு வைத்தாள்.

பிறகு நின்றாள். தம்பியிடம் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவது இது இரண்டாவது தரம் ஆகிவிடும்.

"நான் பிறகு எடுக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். முன்வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, அவர மட்டும் விடுங்க. அவர்ட சாமானும்தான் உள்ளுக்கு இரிக்கு."

தியாகராசா அவளைப் பார்த்தார், தாஹிரைப் பார்த்தார். படலையை ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்துவிட்டார்.

தாஹிர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ராத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே திரையைப் பார்த்தான். திருநீற்றுக் கோட்டுக்குக் கீழே அந்த வரி திறந்தபடி இருந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர். அவன் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இரிக்குது" என்றான். யாருக்குச் சொன்னானோ தெரியாது. "நான் நினைச்சேன், ஐயா மாத்த விட்டிரிக்க மாட்டார் எண்டு."

"அழிக்கத்தானே வந்த?"

அவன் தலையை ஆட்டினான். "அழிக்காட்டி நான் உள்ளுக்குப் போகணும் ராத்தா. வேன்ல இரிக்கிறவர் அதச் சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்தார்."

"ஓம். ஒன்ட மச்சான்ட லோயரும் அதத்தான் சொல்றார்."

அவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். பயந்துபோன கண். மட்டைக்குப் பின்னால் ஓடிய பத்தொன்பது வயதுத் தாஹிரின் கண் அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கினாள். கை விரித்து, பென் டிரைவை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுதான் ஒரே ஒரு கொப்பி. படமும் இன்னும் அனுப்பல்ல. கம்ப்யூட்டர்ல இரிக்கிறது, இதில இரிக்கிறது, ரெண்டும் இப்ப ஒனக்கு முன்னால."

"ராத்தா, மச்சான்?"

"மச்சான் அழிச்ச அண்டு ஒன்ட்ட யாரும் கேக்கல்ல. நானும் கேக்கல்ல. இண்டைக்கு நான் கேக்கிறேன். இருந்து யோசிச்சிச் செய்."

கதிரையை அவன் பக்கம் திருப்பிவிட்டு விலகி நின்றாள். வெளியே வேன் ஹோர்ன் ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. சுவரில் மூன்றே கால்.

தாஹிர் உட்கார்ந்தான். மவுஸில் கையை வைத்தான். திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்து, ஸப்வானின் பெயரைத் தாண்டி, அவனுடைய பெயருக்கு மேலே வந்து நின்றது.